எதிரியின் சம்பளத்தில் எடுத்த படங்கள்



யுத்தத்தைக் காட்டும் திரைப்படங்கள் கணக்கற்றவை. யுத்தம் நடக்கும்பொழுதே அதன் நடுவில் இருந்துகொண்டு படம் எடுத்தவர்களைக் காட்டும் திரைப்படங்களோ விரல் விட்டு எண்ணத் தக்கவை. அத்தகைய படம் ஒன்றைப் பற்றி இன்று பேசக் கருதுகிறோம். பிரெஞ்சு டைரக்டர் பெர்ட்ராண்ட் தவெர்னியே 2002-ம் ஆண்டில் வெளியிட்ட 'லெசே-பாசே' என்பது அதன் பெயர். 'போக விடுக' என்பது அச்சொற்களின் பொருள். தடை உள்ள இடத்திலும் நேரத்திலும் நடமாடுவதற்கு அதிகாரிகள் வழங்கும் அனுமதிச் சீட்டைப் பிரெஞ்சு மக்கள் அவ்வாறு அழைப்பர். ஆங்கிலத்தில் இப்படம் 'சேஃப் காண்டக்ட்' என்ற பெயரால் அறியப்படுகிறது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தைப் பார்ப்பவர் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிப்பர். சிரித்த வாயை மூடுவதற்குள் நெஞ்சு திடுக்கிடும். நம் இலக்கண நூலார் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையையும் அச்சத்தையும் தனித்தனியே வைத்தனர். இவ்விரண்டும் ஒரே காட்சியில், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி வருவதை இப்படத்தில் காணலாம்.

கதை நிகழும் காலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1940-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரத்தினுள் புகுந்தன. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் பங்கீட்டுச் சீட்டு வந்தது. நிலக்கரி கிட்டாமையால் குளிர்காலத்தில் வீடுகள் விறைத்துக் கிடந்தன. சினிமாக் கொட்டகைகளில் மட்டும் கூட்டம் பெருகிற்று. அமெரிக்கப் படங்களும் ஆங்கிலப் படங்களும் தடை செய்யப்பட்டமையால் மக்கள் தம் நாட்டுப் படங்களையே நாடினர். ஜெர்மானியர் ஆதிக்கம் நீடித்த நான்கு ஆண்டுகளில் பிரான்ஸில் ஏறத்தாழ 220 முழுநீளப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 30 படங்களை எடுத்தது 'கான்டினென்டல்' என்னும் ஒரே கம்பெனி. அது பிரெஞ்சுச் சட்டப்படி பதிவான கம்பெனி. அதில் எழுதியவர், நடித்தவர், விளக்குப் பிடித்தவர் எல்லோரும் பிரெஞ்சுக்காரரே. முதல் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது.

கம்பெனியின் தலைவர் ஆல்ஃபிரெட் கிரேவன் என்பவர். முதல் உலக யுத்தத்தில் விமானியாக இருந்தவர். ஹிட்லரின் விமானப்படைத் தளபதி கோயரிங்கின் நண்பர். இவரைப் பற்றிய ஒரு செய்தி நம்மை வியக்கச் செய்கிறது. பெர்லினில் இருந்த பிரசார மந்திரி கோயபல்ஸ், தோற்ற பிரெஞ்சு மக்களுக்குத் தலையும் வாலும் இல்லாத வேடிக்கைப் படங்கள் போதும் என்று கருதினார். அவர்களுடைய தேசிய உணர்ச்சியை வளர்க்கும் படம் எதுவும் வரலாகாது என்பது அவருடைய கட்டளை. கிரேவனோ நல்ல படம் எடுக்க ஆசைப்பட்டார்! 1942-ம் ஆண்டில் அவருடைய கம்பெனி, பெர்லியோஸ் என்னும் பிரெஞ்சு இசை மேதையின் வாழ்க்கையைப் படமாக்கி வெளியிட்டது. அதைக் கண்ட கோயபல்ஸ் தம் நாட்குறிப்பில் சீறி எழுதியிருக்கிறார். பிரெஞ்சு நாட்டின் பெருமையைப் பிரெஞ்சுக்காரர் பேச, அதற்கு ஜெர்மனி பணம் கொடுத்திருக்கிறது. இதைவிடப் பெரிய நகைச்சுவையை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்ய இயலாது.

இந்தக் கம்பெனியின் வாயிலில் நின்று இரண்டு மனிதர்கள் இரண்டு விதமாக முடிவு செய்ததே தவெர்னியேயின் கதை. இருவரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். இருவர் பெயரும் ழான். ஒருவர் ழான் தெவேவ்ர், உதவி டைரக்டர். மற்றவர் ழான் ஒரான்ஷ், கதை வசனகர்த்தா. முன்னவர் கான்டினென்டலில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னவர் சேர மறுத்தார். படம் முழுவதும் இவ்விருவர் கதையும் இரண்டு தண்டவாளங்கள் போல அருகருகே ஓடுகின்றனவேயன்றி ஒன்றோடொன்று சேர்வது அரிது. ஒருவரைச் சரி என்றும் மற்றவரைத் தவறு என்றும் காட்டுவதற்காக இக்கதை கட்டப்படவில்லை என்பதை இந்த அமைப்பிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

தவெர்னியேக்கு இது வெறும் சரித்திரம் அன்று. அவர் 1941-ம் ஆண்டில் லியோன் நகரத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ரெனே தவெர்னியே அந்நாளில் 'கான்ஃப்ளுவான்ஸ்' என்னும் இலக்கியப் பத்திரிகையை நடத்தியவர். ஜெர்மானியருக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த கவிஞர் அரகானுக்குத் தம் வீட்டில் இடம் கொடுத்தவர். பிற்காலத்தில் தவெர்னியே தம் முதல் முழுநீளப் படத்தை எடுத்தபொழுது, அந்த 1974-ம் ஆண்டுப் படத்திற்கு எழுதும்படி யாரை அழைத்தார் தெரியுமா? முதுமை அடைந்திருந்த இந்த ஒரான்ஷைத்தான். அவர் வாயிலாகவும் தெவேவ்ர் வாயிலாகவும் கேட்ட பழங்கதைகளே இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் இப்படமாயின.

படத்தின் தொடக்கமே அதன் போக்கைக் காட்டிவிடுகிறது. பாரிஸில் ஒரு விடுதி அறை. தம்மைக் காண வரும் நடிகை ஒருத்தியை உபசரிக்க ஒரான்ஷ் படாத பாடு படுகிறார். அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து குண்டுகள் விழுகின்றன. 1942 மார்ச் மாதத்தில் பாரிஸை அடுத்த பில்லான்கூர் என்னும் தொழிற்பகுதியில் நடந்த குண்டுவீச்சு அது. அங்கிருந்த ரெனோ மோட்டார்த் தொழிற்சாலை ஜெர்மானியருக்கு லாரிகள் செய்து கொடுத்தமையால் ஆங்கிலேயர் அதைத் தாக்கினர். நூற்றுக்கணக்கான பிரெஞ்சு மக்கள் மாண்டனர். விடுதலை செய்ய வேண்டியவன் குண்டு போடுகிறான். அடிமைப்படுத்தியவன் சம்பளம் கொடுக்கிறான். காதலி வரும் வேளையில் கூரை அதிர்கிறது. இவற்றுள் எதற்குச் சிரிப்பது, எதற்கு அழுவது?

ஒரான்ஷ் வீரர் அல்லர். பெட்டியும் கையுமாக விடுதிக்கு விடுதி மாறுபவர். ஒரே சமயத்தில் பெண்கள் மூவரோடு நட்புக் கொண்டு மூவரிடமும் அகப்பட்டு விழிப்பவர். ஜெர்மானியக் கம்பெனி அழைக்கும்பொழுதெல்லாம் எதிரே நின்று மறுத்துப் பேசும் துணிச்சல் அவருக்கு இல்லை. ஏதேனும் சாக்குச் சொல்லி நழுவுகிறார். ஆனால் கடைசி வரையில் நழுவிவிடுகிறார். அந்த நழுவலிலும் ஓர் உறுதி இருக்கிறது. பிரெஞ்சுக் கம்பெனிகளுக்கு அவர் எழுதிய வசனங்களில் அவருடைய கோபம் வேறு வழியில் வெளிப்பட்டது. 1943-ம் ஆண்டில் வெளிவந்த 'தூஸ்' என்னும் படத்தில் பணக்காரச் சீமாட்டி ஒருத்தி ஏழைகளின் குடிசைக்குச் சென்று பொறுமையை உபதேசிப்பாள். அதற்குக் கிடைக்கும் பதில் பொறுமைக்கு நேர் மாறானது. தணிக்கை அதிகாரிகள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை, கத்தரி வைத்தனர். அடிமை நாட்டில் வசனகர்த்தாவின் ஆயுதம் எவ்வளவு சிறியது என்பதும், அதற்கு ஆட்சியாளர் எவ்வளவு அஞ்சினர் என்பதும் இந்த ஒரு நிகழ்ச்சியால் விளங்கும்.

தெவேவ்ரின் கதை வேறு. அவர் தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர் ஜெர்மானியக் கம்பெனியில் சேரலாமா? இங்கேதான் லெ ஷனுவா என்னும் வசனகர்த்தா குறுக்கிடுகிறார். இவருடைய இயற்பெயர் ழான்-பால் டிரைஃபுஸ். யூதத் தந்தைக்குப் பிறந்தவர், பொதுவுடைமைக் கட்சியினர், எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றவர். ஜெர்மானியர் கண்ணில் மூன்று மரண தண்டனைக்கு உரியவர். அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த இடமோ கான்டினென்டல்! விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான். ஓநாயின் வாய்க்குள் அதன் பற்கள் எட்டாத இடமும் ஒன்று உண்டு என்று கண்டவர் அவர். அந்தத் துணிவைப் பார்த்துத் தெவேவ்ரும் சேர்கிறார். கம்பெனி ஊழியர் என்ற முறையில் அவருக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கிறது. பிறர் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் இரவு நேரத்தில் அவர் சைக்கிளில் திரியலாம். படப்பிடிப்புக்காக எதிரி கொடுத்த சீட்டு, எதிரியை ஒழிக்கும் வேலைக்கும் உதவுகிறது. படத்தின் தலைப்புக்கு இதுவே உட்பொருள்.

இனி, இப்படத்திலேயே தலைசிறந்தது என்று நாம் கருதும் பகுதிக்கு வருவோம். தெவேவ்ருக்குக் கடும் ஜலதோஷம், காய்ச்சல். அந்நிலையில் கம்பெனித் தலைமையகத்தில் ஜெர்மானியக் காகிதங்கள் சில அவர் கைக்கு எட்டுகின்றன. எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுகிறார். உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிப் போர்த்துக்கொண்டு படுப்பது அவர் நோக்கம். காகிதத்தை வாங்கிக்கொள்பவர்களோ ஆளையும் சேர்த்து ஆகாய விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுகின்றனர்! மூக்கைச் சிந்திக்கொண்டு ஆங்கில அதிகாரிகள் முன்னிலையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் மரியாதையோடு தேநீர் கொடுக்கின்றனர். கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கின்றனர். சினிமா எடுப்பவர் ஒருவர் ஜலதோஷத்தோடு வந்து எதிரியின் காகிதங்களை நீட்டினால் யார்தான் நம்புவர்? அவருக்கோ வேறு கவலை. வேலை தொடங்கும் வேளையில் ஸ்டூடியோவில் இல்லாவிட்டால் தேடுவார்களே! ஒருவாறாக விசாரணை முடிகிறது. மறுபடியும் விமானம். பாரசூட்டில் தொங்கியபடி இருட்டில் பிரெஞ்சு மண்ணில் வந்து இறங்குகிறார். ரயிலிலும் சைக்கிளிலும் பாரிஸை அடைகிறார். ஸ்டூடியோவில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், படுத்திருந்தும் காய்ச்சல் தெளியவில்லை போலும் என்றே எண்ணிக்கொள்கின்றனர்.

இந்தப் பகுதியைப் பார்த்துச் சிரிக்காதவர் இரார். வீரச் செயலைத் தவெர்னியே இங்கே முழங்கிக் காட்டவில்லை. தெவேவ்ராக நடித்த ழாக் காம்ப்ளன் முகத்தில் பெருமிதம் என்பதே கிடையாது. களைப்பும் எரிச்சலும் மட்டுமே உண்டு. ஆனால் அந்த விமானம் சுடப்பட்டிருந்தால்? பாரசூட் விரியாமல் போயிருந்தால்? சைக்கிளை மறித்த காவலன் சட்டைப்பையைச் சோதித்திருந்தால்? சிரித்துக்கொண்டே இருக்கும்பொழுது இக்கேள்விகள் பின்னாலிருந்து தோளைத் தொடுகின்றன. 2002-ம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடிப் பரிசு காம்ப்ளனுக்குக் கிடைத்தது. பரிசு கிடைத்த ஊரின் பெயரையும் நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இங்கே வரும் மற்றோர் உண்மைப் பாத்திரம் ஷார்ல் ஸ்பாக் என்னும் வசனகர்த்தா. இவருடைய அண்ணன் பால்-ஹென்ரி ஸ்பாக், லண்டனில் அமைந்திருந்த பெல்ஜிய சர்க்காரின் வெளிநாட்டு மந்திரி. ஷார்ல் ஸ்பாக்கை ஜெர்மானியர் சிறையில் தள்ளினர். அதே ஜெர்மானியரின் கம்பெனிக்கு அவர் எழுத வேண்டிய படக்கதை ஒன்று பாக்கி இருந்தது. என்ன செய்வது? சிறையில் இருந்தபடியே எழுதச் செய்தனர்! பசியில் வாடும் கைதி, பாரிஸின் மிகப் பெரிய ஹோட்டலில் நடக்கும் துப்பறியும் கதையை எழுதுகிறார். கைதிக்கு எழுத்துக்கூலி உண்டா, எழுதுவதற்குத் தாளும் வயிற்றுக்குச் சோறும் யார் பொறுப்பு என்று பேரம் நடப்பதைக் காணும்பொழுது எந்தக் காலத்துப் படமுதலாளியும் நம் நினைவுக்கு வருவார். அக்கதை 'மஜெஸ்டிக் ஹோட்டலின் நிலவறைகள்' என்ற படமாகி, கான்டினென்டல் கம்பெனி மறைந்த பின்னர் 1945-ம் ஆண்டில் வெளிவந்தது. சிரிப்பு இதோடு நிற்கிறது. எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றிய சுஸான் ஸ்பாக், இவருடைய தம்பியின் மனைவி. பாரிஸ் விடுதலை அடைவதற்குச் சில நாட்களே இருந்தபொழுது, 1944 ஆகஸ்டு மாதத்தில், ஃப்ரேன் சிறையில் அவரை ஜெர்மானியர் கொன்றனர்.

கான்டினென்டலின் நிழல் எல்லோரையும் காத்துவிடவில்லை என்பதற்கு ஆரி போர் என்னும் பெரு நடிகரே சான்று. அக்கம்பெனியின் தொடக்கப் படங்களில் ஒன்றில் நாயகர் அவர். யூதர் என்ற சந்தேகத்தின் பேரில் 1942-ம் ஆண்டில் கெஸ்டபோ அவரைப் பிடித்துச் சென்றது. சித்திரவதைக்குப் பின் வெளியே வந்த அவர் 1943 ஏப்ரலில் இறந்தார். ஓநாயின் வாயில் பற்கள் எட்டாத இடம் உண்டு என்றோம். அந்த இடம் எது என்பதை ஓநாய்தான் அறியும்.

படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாத்திரங்கள் மிகுதி. பிரெஞ்சு சினிமாவின் பழைய பெயர்களை அறியாதவர், யார் யார் என்று தடுமாறுவர். ஒரான்ஷைச் சுற்றி வரும் பெண்களுக்குத் தனித்தனி முகம் கொடுக்கத் தவெர்னியே இன்னும் முயன்றிருக்கலாம். மற்றொன்று இதைவிடப் பெரிது. எதிரியின் சம்பளம் வாங்கலாமா என்ற கேள்வியைப் படம் எழுப்புகிறது. அக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் உரிமைகூட இல்லாதவர் பலர் இருந்தனர். யூதக் கலைஞர்களுக்கு ஸ்டூடியோ வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. அரங்க அமைப்பாளர் திரௌனரும் இசையமைப்பாளர் கொஸ்மாவும் மலைப்பகுதியில் மறைந்திருந்து, வேறொருவர் பெயரில், டைரக்டர் மார்செல் கார்னேயின் படங்களுக்கு உழைத்தனர். அவர் கான்டினென்டலுக்கு வெளியே படம் எடுத்தவர். 1942-ம் ஆண்டில் வந்த அவருடைய 'மாலை விருந்தினர்' படத்தில் அரண்மனை விருந்துக் காட்சி உண்டு. பசித்திருந்த துணை நடிகர்கள் படம் பிடிப்பதற்கு முன்பே பண்டங்களைத் தின்று தீர்த்துவிட்டமையால், பின்னர் வைத்த பழங்களில் கார்பாலிக் திராவகத்தை ஊசி வழியே ஏற்றினர் என்று சொல்லுவர். லெ ஷனுவாவைத் தவிர, இவர்களைப் போன்றோர் தவெர்னியேயின் படத்தில் ஓரமாகவே வந்து போகின்றனர்.

பிரெஞ்சு விமர்சகர் சிலருடைய கோபமோ வேறு காரணம் பற்றியது. 1954-ம் ஆண்டில் இளைஞர் திரூஃபோ ஒரு கட்டுரை எழுதி, ஒரான்ஷின் எழுத்தைப் பழமைச் சரக்கு என்று சாடினார். அதிலிருந்து கிளம்பிய புதிய அலை உலகப் புகழ் பெற்றது. அந்தப் பழைய தலைமுறையைத் தவெர்னியே சிங்காதனத்தில் ஏற்றுகிறார் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இச்சண்டையில் நாம் எந்தப் பக்கமும் சேர வேண்டிய தேவை இல்லை. ஆனால் படம் பார்க்கும்பொழுது ஒன்று தெரிகிறது. தவெர்னியே புகழ்வது பழைய படங்களின் பாணியை அன்று. அவற்றை எடுத்தவர்களின் கைத்திறனை. மின்சாரம் கிடைக்கும் வேளை பார்த்து விளக்கு ஏற்றியவர், பிலிம் சுருளை அளந்து அளந்து செலவிட்டவர், வெளியே என்ன நடந்தாலும் காட்சி பிசகக் கூடாது என்று நின்றவர், இவர்களே அவர் கண்ணில் பெரியவர்கள். அந்தத் தொழில் பற்று சிலரைக் காப்பாற்றிற்று. வேறு சிலரை, தாம் யாருக்காக உழைக்கிறோம் என்பதையே மறக்கச் செய்தது. விடுதலைக்குப் பின் விசாரணை மன்றங்கள் கூடின. கான்டினென்டலுக்காக 'காகம்' என்னும் படத்தை எடுத்த குளூஸோ, படம் எடுக்கவே கூடாது என்று முதலில் தடை விதிக்கப்பட்டுப் பின்னர் அது குறைக்கப்பட்டு, 1947-ம் ஆண்டில் மறுபடியும் படமெடுக்க வந்தார். மொட்டைக் கடிதங்களால் ஓர் ஊரே நஞ்சாவதைக் காட்டும் அப்படத்தைப் பிரெஞ்சு மக்களை இழிவு செய்வது என்று அன்று பழித்தனர். பிற்காலத்தாரோ காட்டிக் கொடுப்பவர்களைக் காட்டிக் கொடுத்த படம் என்று அதையே போற்றினர்.

தெவேவ்ர் 2004-ம் ஆண்டிலும், தவெர்னியே 2021-ம் ஆண்டிலும் மறைந்தனர். ஒரான்ஷ் தம் கதை படமானதைக் காணாமலே 1992-ல் மறைந்துவிட்டார். 'லெசே-பாசே' படத்தைக் காண்பவர்கள், வாய்ப்புக் கிடைத்தால், அதற்குள்ளே படம் பிடிக்கப்படுவதாக வரும் 'பிசாசின் கை' என்னும் 1943-ம் ஆண்டுப் படத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். டைரக்டர் மோரிஸ் தூர்னர். உதவி டைரக்டர் தெவேவ்ர். எழுதியவர் லெ ஷனுவா. பணம் போட்டது கான்டினென்டல். புகழ் வேண்டி ஓர் ஏழை ஓவியன், மந்திரக் கை ஒன்றை ஒரு காசுக்கு வாங்குகிறான். வாங்கிய கடனைத் தீர்க்காவிட்டால் ஆன்மா பிசாசுக்குச் சொந்தம். பிசாசுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. வட்டத்தொப்பி அணிந்த குள்ள மனிதர். பத்திரம் எழுதும் குமாஸ்தாவைப் போலப் பணிவாகப் பேசுபவர். முதல் நாள் ஒரு காசு, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு என்று கணக்கு நாளுக்கு நாள் இரட்டிக்கிறது. ஓவியன் கணக்குப் பார்க்கத் தொடங்கும்பொழுது தொகை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. இக்கதையை எழுத லெ ஷனுவாவுக்குச் சம்பளம் கொடுத்த ஜெர்மானியர், அதைப் பார்த்து ரசித்து, வெளியிடவும் அனுமதித்தனர்.